அரைக் கட்டணம்

அத்தியாயம் ஒன்பது

டயகமயிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் காலையில் முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய வேலையை மறந்துவிடலாம். அதனால் ஞானரட்ணம் மாஸ்டர் வீட்டில் விடியுமுன்பே விளக்கு எரிந்தது. பெற்றீசியா இரட்டைப் பின்னல் போட்டு வெள்ளை ரிப்பன் கட்டி, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி வாசலில் நின்றாள். மாஸ்டர் தம் கறுப்புக் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். மார்கிரட் மட்டும் எதையும் தேடவில்லை. அவளுக்கு வேண்டியது கைப்பைக்குள் பத்திரமாக இருந்தது.

நாலாக மடித்த ஒரு காகிதம். போன சனிக்கிழமை அவளுடைய அக்கா சுகிர்தம் தலவாக்கலையிலிருந்து மெனக்கெட்டு வந்து, கையில் திணித்துவிட்டுப் போனது.

"காட்டுறதும் காட்டாததும் ஒன் இஷ்டம். ஆனா பிள்ளையோட படிப்பு இதுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் அக்கா பஸ் ஏறிவிட்டாள்.

பதினாறு வருடமாக மார்கிரட் புருஷனிடம் சொல்லாமல் வைத்திருந்த சங்கதி அந்தக் காகிதத்தில் இருந்தது.

பெற்றீசியாவுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அதிவிசேட சித்தி. தோட்டப் பாடசாலையில் தொடங்கி பஜார் பள்ளிக்கூடத்தில் முடித்த பிள்ளை இப்படி வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் போய்க்கொண்டிருந்த தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாகூட மாஸ்டரை வழியில் நிறுத்திக் கைகுலுக்கினார். அந்தச் சந்தோஷம் ஒரு கிழமைதான். அதற்குப் பிறகு, உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கப் பிள்ளையை எங்கே அனுப்புவது என்ற கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

மாஸ்டர் கணக்கு வாத்தியார். கொப்பியில் கோடு கிழிக்காமல் அவருக்கு எந்த முடிவும் வராது. மூன்று பத்தி கிழித்தார். பஜார் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குச் செலவு இல்லை. அங்கே விஞ்ஞானமும் இல்லை, கலைப் பிரிவு மட்டும்தான். அடுத்தது கண்டிப் பக்கத்து எட்வர்ட்ஸ் மிஷன் கொலிஜ். அவருடைய சபைக்காரர்கள் நடத்துவது, நல்ல ஆசிரியர்கள், பேர் பெற்ற விடுதி. மாதம் இருநூற்றைம்பது ரூபாய். அதோடு மூன்று பஸ் மாற வேண்டும். போன ஆவணியில் நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பாதையில் வயதுப் பெண்ணை அனுப்ப மாஸ்டருக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது நுவரெலியா சென்ட் ரீட்டாஸ் கொன்வென்ட். தமிழில் பௌதிகம் படிப்பிக்கத் தனி ஆசிரியை உண்டு. விடுதிச் சுவருக்குள் பிள்ளை பத்திரமாக இருக்கும். மாதம் இருநூறு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பாதி.

மாஸ்டரின் சம்பளம் எழுநூற்றுச் சொச்சம். ஆனாலும் அந்தப் "பாதி"யை அவர் கொப்பியில் எழுதவேயில்லை. அது தமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று விட்டுவிட்டார். அவருடைய அப்பா புரட்டஸ்தாந்து மிஷன் சபையில் உபதேசியாராக இருந்தவர். சபைப் போதகரான ஐயர் வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்க மேடையில் ஏறுகிறவர் மாஸ்டர்தான். மார்கிரட் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்தோடு ஜெபமாலையை அம்மா வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு வந்தவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று என்றுதான் மாஸ்டர் நினைத்திருந்தார்.

தம் சபைக்கு உதவி கேட்டு எழுதியிருந்தார். இந்த வருடச் சலுகைகள் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. இருபது வருடம் ஊதியமில்லாமல் பிரசங்கம் செய்தவருக்கு வந்த பதில் அது. அவர் அதை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, கொன்வென்டுக்கு விண்ணப்பம் எழுதினார்.

ஆகவே இன்றைக்கு நேர்முகப் பரீட்சை. மகன் றோலண்டைப் பக்கத்து வீட்டு நாகலெட்சுமியிடம் ஒப்படைத்துவிட்டு மூவரும் பஸ் ஏறினார்கள்.

கொன்வென்ட் அதிபரான மதர் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லிய உடம்பு, தடித்த கண்ணாடி. பெற்றீசியாவிடம் நாலு கேள்வி கேட்டார். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதே பிள்ளைக்கு நடுக்கம் போய்விட்டது. நாலாவதற்கு அவளே திருப்பி ஒரு கேள்வி கேட்டாள். மதர் சிரித்துவிட்டு அவளை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெற்றோரும் பின்னால் போனார்கள்.

அங்கே ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. வெங்காயத் தோலை வைத்துப் பார்க்கச் சொன்னார் அங்கிருந்த ஆசிரியை. கண்ணை வைத்த பெற்றீசியா எடுக்கவேயில்லை. மதர் இரண்டு தரம் கூப்பிட வேண்டியதாயிற்று. நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்த மார்கிரட்டுக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு ஆசை ஒரு பிள்ளைக்கு ஆகாது என்று நினைத்தாள்.

அலுவலக அறைக்குத் திரும்பியதும் மதர் சுற்றி வளைக்கவில்லை. பிள்ளையை எடுக்கத் தமக்கு முழு விருப்பம், இடமும் இருக்கிறது, முதல் மூன்று மாதக் கட்டணத்தை இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் கட்டிவிட்டால் போதும் என்றார். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் மதர். குறைக்க முடியுமா என்று கேட்டார். அது தம் கையில் இல்லை. அரைக் கட்டணச் சலுகை ஆயரின் மேற்றிராசனத்துப் பணத்திலிருந்து வருகிறது, அது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று மதர் சொன்னார். சொல்லும்போது உண்மையாகவே வருந்தினார்.

மாஸ்டர் மனதுக்குள் ஒரு தரம் கூட்டிப் பார்த்தது மார்கிரட்டுக்குத் தெரிந்தது. அவருடைய உதடு அசையும். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பரவாயில்லங்க மதர். பிள்ள பஜார் ஸ்கூல்லயே ஆர்ட்ஸ் படிக்கட்டும். படிக்கிற பிள்ள எதையும் படிக்கும்."

பெற்றீசியா அழவில்லை. கீழே பார்த்துக்கொண்டு, "சரிப்பா" என்று தலையாட்டினாள். எதைக் கேட்டாலும் தலையாட்டி வளர்ந்த பிள்ளை. அந்தத் தலையாட்டலைத்தான் மார்கிரட்டால் தாங்க முடியவில்லை. ஒரு சண்டை போட்டிருந்தால், காலை உதைத்து அழுதிருந்தால், அந்தக் காகிதம் அன்றைக்கும் கைப்பையோடு வீடு திரும்பியிருக்கும்.

அவள் பையைத் திறந்தாள்.

மதர் காகிதத்தை வாங்கி விரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இவ எங்கட பிள்ளையெல்லோ. இதை ஏன் முதலே காட்டேல்லை?"

தலவாக்கலைப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எடுத்த நகல் அது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தாறு, பங்குனி பதினேழு. பிள்ளையின் பேர் மரிய பெற்றீசியா. ஞானத்தாய் சுகிர்தம். ஆபத்து வேளையில், ஆஸ்பத்திரியில் கொடுக்கப்பட்டது.

மாஸ்டர் கையை நீட்டினார். மதர் காகிதத்தைக் கொடுத்தார். அவர் அதை ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே வாசித்தார். மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த வருடம் மாஸ்டர் யாழ்ப்பாணப் பக்கம் ஒரு பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். மார்கிரட் இரண்டு மாதக் கைக்குழந்தையோடு தோட்டத்தில் தனியே. நெஞ்சுச் சளி முற்றிப் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடியுமட்டும் தாங்காது என்று அங்கே சொன்னார்கள். அக்கா ஓடிப்போய் மாதா கோயில் சாமியாரைக் கூட்டிவந்தாள். சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றி, அன்றைய புனிதரின் பேரையே பெண் பேராக்கிப் பிள்ளைக்கு வைத்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து மாமனார் உபதேசியார் ஆட்டுக்கறி விருந்தோடு பேத்திக்குச் சபையில் ஞானஸ்நானம் கொடுப்பித்தார். மார்கிரட் வாயைத் திறக்கவில்லை. எந்தச் சபையானாலும் ஞானஸ்நானம் ஒருமுறைதான் செல்லும் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் அந்த விருந்து, அந்த வெள்ளைச் சட்டை, மாமனாரின் கண்ணீர் எல்லாம் வெறும் வேடிக்கைதான். சொன்னால் கிழவருக்கு உயிரே போய்விடும் என்று பயந்தாள். கிழவர் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தாள்.

அதோடு முடிந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மதர் விண்ணப்பப் படிவத்தைப் புரட்டிப் பார்த்து நிறுத்தினார்.

"உங்கட கலியாணம் எந்தக் கோயில்ல நடந்தது?"

எங்கள் சபையில், அறுபத்துநாலில் என்று மாஸ்டரே பதில் சொன்னார்.

மதர் படிவத்தை மேசைமேல் வைத்தார். பிறகு, புண்ணைக் கழுவுகிறவரைப் போல மெதுவாக விளக்கினார். சலுகைக்குப் பிள்ளையின் பத்திரத்தோடு பெற்றோரின் கல்யாணப் பத்திரமும் வேண்டும். கத்தோலிக்கப் பெண் ஒருத்தி வேறு சபையில் முடித்த கல்யாணம் திருச்சபையின் பதிவில் கல்யாணமாக ஏறாது. அது பெரிய காரியமில்லை. எத்தனையோ பேருக்குச் சரிசெய்து கொடுத்திருக்கிறது. உங்கள் பங்குச் சாமியார் முன்னால் இரண்டு சாட்சிகளோடு நின்றால் பத்து நிமிஷ வேலை. மாஸ்டர் மதம் மாற வேண்டியதில்லை. இரண்டு பிள்ளைகளையும் தாயின் கோயிலில் வளர்க்கச் சம்மதம் என்று ஒரு கையெழுத்து மட்டும் வைத்தால் போதும்.

"சாமியார் ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேட்பார், மனச்சம்மதமோ எண்டு. வேறயொண்டும் இல்லை" என்று முடித்தார்.

பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தி, இரண்டு பிள்ளை பெற்று, அதில் ஒருத்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று ஒருவர் மரியாதையாகச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? மாஸ்டர் நன்றி சொன்னார். படிவத்தையும் காகிதத்தையும் ஒன்றாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வாசற்படியில் இறங்கும்போது பெற்றீசியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"அப்ப நான் எந்தக் கோயிலும்மா?"

முன்னால் போய்க்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பாமலே, பஸ் வர நேரமிருக்கிறது, பேக்கரியில் தம்பிக்கு ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வா என்று மகளுக்குக் காசு கொடுத்து அனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டில் மழை தூறத் தொடங்கியிருந்தது. தகரக் கூரைக்கு அடியில் இருவரும் நின்றார்கள். நடுவில் இன்னொருவர் நிற்கலாம்போல இடைவெளி இருந்தது. கத்துவார் என்று மார்கிரட் எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"பேருகூட அங்க வச்சதுதானா? நர்ஸ் ஒருத்தரோட பேருன்னு என்கிட்ட சொன்ன."

"ஆமாங்க."

அவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே, நான் என்ன அந்நியனா என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. மார்கிரட்டுக்கு அழுகை வந்துவிட்டது.

"தந்தி அடிச்சேனேங்க. கெடைக்கலன்னு நீங்கதான சொன்னீங்க."

இந்தத் தந்தி விஷயத்தில் ஒரு பழைய கூத்து இருந்தது. அந்தக் காலத்தில் மலைநாட்டிலிருந்து போய்ப் பயிற்சிக் கல்லூரியில் தங்கிப் படித்தவர்களுக்கு லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. தந்தி வந்தால் மட்டும் விடுதிப் பொறுப்பாளரான வோர்டன் இரங்குவார். அதனால் வீட்டுக்காரர்களிடம் சொல்லி வைத்து, பொய்த் தந்தி அடிப்பிப்பது எல்லாருக்கும் வழக்கமாகிப் போயிற்று. ஹட்டன்காரர் ஒருவருடைய தகப்பனார் ஒரே வருடத்தில் மூன்று தரம் சாகக் கிடந்தார். மாஸ்டரும் விதிவிலக்கில்லை. பிள்ளை பிறந்த மாதமே அதைப் பார்க்கிற ஆசையில், "பிள்ளைக்குக் கடும் சுகவீனம் உடனே வரவும்" என்று அடிக்கச் சொல்லி மார்கிரட்டுக்கு எழுதினார். அவளும் அடித்தாள். ஐந்து நாள் லீவில் ஓடி வந்து, பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

பங்குனியில் மார்கிரட் அதே வார்த்தைகளைத்தான் அனுப்பினாள். அவளுக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. அவர் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து, தந்தி கைக்கு வரவேயில்லை என்றார்.

இப்போது அவர் குடைக் கம்பியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"கெடச்சிச்சு."

மார்கிரட் நிமிர்ந்து பார்த்தாள்.

"கெடச்சிச்சு, மார்கிரட். முன்ன அடிச்ச மாதிரின்னு நெனச்சேன். நீதான் பாக்கணும்னு ஆசப்பட்டு அடிச்சிருக்கன்னு... மறுநாள் படிப்பிச்சுக் காட்டுற பரீட்ச இருந்துச்சு. தந்திய மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சிட்டுப் போயி பாடம் நடத்திக் காட்டினேன்."

ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர்களுடைய பஸ் இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மார்கிரட்டுக்கு ஞாபகம் வந்தது. தந்தியைத் தொலைத்துவிட்டான் என்று தபாற்கந்தோர் ஆண்டியப்பனை எத்தனை வருடம் திட்டியிருப்பாள். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். இரண்டு வருடத்துக்கு முன் அந்த மனிதர் செத்தபோது, தோட்டமே போன சாவு வீட்டுக்கு அவள் மட்டும் போகவில்லை. இனி அவரிடம் போய் என்ன சொல்ல முடியும்?

அவளுக்குக் கோபம் வந்தது. சின்னக் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர் மேடையில் நின்று உண்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது, நான்தான் இந்த வீட்டில் பாவி என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேனே என்று நினைத்தாள். அந்த நேரத்தில் இவரும் அங்கே இந்தப் பொய்யை வைத்துக்கொண்டுதானே நின்றார்.

மாஸ்டர் சட்டைப் பைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்தார். ஓரம் நனைந்திருந்தது, கைக்குட்டையால் ஒற்றினார். ஏதோ முடிவுக்கு வந்தவர் மாதிரி தோளை நிமிர்த்தினார்.

"சனிக்கிழம தலவாக்கலைக்குப் போயி சாமியாரப் பாப்போம். சபையில நான் சொல்லிக்கிறேன். பிரசங்கம் இல்லன்னா போகட்டும். பிள்ள படிக்கணும்."

அது லேசான காரியமில்லை என்று மார்கிரட்டுக்குத் தெரியும். உபதேசியார் மகன் மாதா கோயிலில் மாலையும் கையுமாக நின்றான் என்று தோட்டம் சிரிக்கும். ஐயர் மேடையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். அவர் தம்மிடம் இருந்த ஒரே கௌரவத்தைக் கழற்றி மகளுக்காக வைக்கிறார். காலையில் இதைக் கேட்டிருந்தால் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பாள். பதினெட்டு வருடமாகத் தன் கோயிலுக்குத் திரும்பிப் போகிற நாளை எத்தனை தரம் கனவு கண்டிருக்கிறாள்.

பாண் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பெற்றீசியா மழையில் ஓடி வந்தாள். அப்பாவின் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா தலையசைத்ததும் ஆய்வுகூடத்தில் இருந்த அந்த வெளிச்சம் அவள் முகத்தில் மறுபடியும் வந்தது.

டயகம பஸ் வந்து நின்றது. மாஸ்டர் மகளை முதலில் ஏற்றிவிட்டு, மனைவி ஏறுவதற்குக் குடையைப் பிடித்தார். மார்கிரட் படியில் காலை வைக்கவில்லை.

"சாமியார் என்னையும் தனியாத்தானே கேப்பாரு, சம்மதமான்னு?"

"கேப்பாரு. அது ஒரு சடங்குதான."

"அவருக்கு என்ன சொல்றதுன்னு நான் யோசிக்கணுங்க" என்றாள் மார்கிரட்.

முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினாலு நாள் இருந்தது.